தனகோடியின் மூன்றாவது சாவு

“ஹலோ... ஹலோ, கரோலின்தானே?... ஆமா, ஆமா, சுந்தர்ராஜ்தான். மோளச் சத்தம் ஜாஸ்தியா இருக்குது, சத்தமா பேசு... தனகோடி வூட்லதான் இருக்கேன், நாட்றம்பள்ளி பக்கம்... ம்... காலையிலதான் போய்ட்டான்... அழாதம்மா. நீ அழுதா மெயில் யார் அடிக்கிறது?”

ஊரையே சிக்குன்குனியா முடக்கிப்போட்ட வருஷம் அது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனித்துவந்த சுந்தர்ராஜையும் அது விடவில்லை. விரல்கள் மடங்காததால் செல்போனை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே, கும்பிடுவதுபோலப் பிடித்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து விலகி நின்றார்கள்.

“முதலாளி இன்னா எழுதச் சொன்னாரு? படி... ‘எங்கள் கம்பெனியில் நோய் இல்லை’... ம்... ‘எல்லாரும் சுகம்’... அப்புறம்?... புது சீசன் மாடல் படமா! சாவு வூட்ல காதுகுத்துப் பத்திரிகை நீட்டற மாதிரி... எடு அதை. எல்லாத்தையும் அழி... நான் சொன்னேன்னு சொல்லிக்கோ.

“வெளிநாட்டுல சரக்கு வாங்கற நாப்பது பேருக்கும் ஒரே மெயிலா? வேணாம், வேணாம். ஜெர்மனி பெக்கருக்குத் தனியா எழுது. சரக்குக்குக் காத்துனு இருக்கிறது அவருதான். மத்தவங்க நம்ம ஊர்க் கொசுவ வெச்சு இன்னா பண்ணப் போறாங்க?... ஒரு கொசு எங்க வூட்டுக் கொடியிலருந்து லுங்கிய உருவினு பறந்துச்சுன்னு எழுதலாம்தான்... பாரு, சிரிக்கிற... இல்லம்மா. இன்னிக்கு அந்த மாதிரி ஒண்ணும் வேணாம்.

“நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போட்டுக்கோ. ‘எங்க ஊர்ல காய்ச்சல். தையல் செக்‌ஷன்ல பாதிப் பேரால எழுந்து நிக்க முடியல. சொன்ன தேதிக்குச் சரக்கு வராது. ரெண்டு வாரம் தள்ளிக் குடுத்தா வந்துரும்.’ அவ்ளோதான்... வருந்துகிறோம்னு ஒரு தடவை போட்டா போதும், பத்து தடவை போட்டா சந்தேகம் வரும். கீழ ஒரு போன் நம்பர் போடு, கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கணும்...

“ஆமா, பெக்கர் டைம் குடுத்தா நாளைக்கே வேனை நிறுத்தறேன்னு முதலாளி வாயால சொன்னாரு... அவரைத் திட்டாத. ஆர்டர் போய்டுமோன்னு பயம். அவர் சம்சாரமே படுத்த படுக்கை... தெரியும், தெரியும். வூடு வூடா வந்து காய்ச்சக்காரங்கள வேலைக்கு ஏத்தினு போச்சே அந்த வேன், அதுல போய்த்தான் இவன் நேத்து கட்டிங் மேசையிலயே சாஞ்சான். நாளைக்கு அது காய்ச்சல்ல கெடக்கிற உங்கம்மாவ ஏத்த உங்க வாசல்ல நிக்கும். அதான் சொல்றேன், அடி.

“‘கட்டிங் மாஸ்டர் தனகோடி இன்று காலை இறந்தார்’... இன்னா, நிறுத்திட்ட?... ஆமா... ஆமா, ஆமா. ஞாபகம் இருக்குது.”

சரக்கு தாமதமானால் மெயிலில் யாராவது சாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். சாவுச் சேதி பரவினால் ஆயுசு கூடும் என்று நம்பிய தனகோடி தன் பெயரைத் தானே கொடுத்தான். மூன்று வருஷம் கழித்து, பழையதை மறந்து, அவனையே மறுபடியும் சாகடித்தார்கள். பெக்கர் இரண்டு முறையும் அனுதாப அட்டை அனுப்பினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“தம்பி செத்தான்னு எழுதலாமா?... ம்... நம்புவாருதான். ரெண்டு வருஷம் முன்ன பெக்கர் நேர்ல வந்தப்ப இவனை இவன் தம்பின்னுதானே காட்டினோம். இவனும் ‘எங்கண்ணன் தங்கம் சார்’னு கண்ணத் தொடச்சிக்கினான்... உங்கம்மாவ நெனச்சு சொல்ற, புரியுது. எனக்கும் பயமாத்தான் இருக்குது... ஆனா இவன் பொண்டாட்டி இங்க உக்காந்துனு இருக்காம்மா. பொய்யா செத்தப்பல்லாம் சொந்தப் பேர்ல செத்தான். நெஜமா செத்தன்னிக்கு வேற பேரா?... ‘தனகோடி’ன்னே போடு. ‘முன்ன ரெண்டு தடவை எழுதினது பொய். இது நெஜம்.’ போட்டியா?... அனுப்பு. லைன்லயே இரு.”

ஜெர்மனியில் அப்போதுதான் ஆபீஸ் திறக்கும் நேரம். மோளக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். பேட்டரி தீர்கிறது என்று செல்போன் ஒருமுறை கூவியது.

“இன்னா?... வந்துருச்சா! படி, மெதுவா... ‘ரெண்டு வாரம் எடுத்துக்கோங்க’... ஸ்தோத்திரம். ஓடு, முதலாளிகிட்ட சொல்லு, வேனை... இன்னும் இருக்குதா? படி... ‘அவரை எனக்குத் தெரியும்’... ம்... யாரு காட்டினது?... தனகோடியா? அவரு இங்க வந்தப்பவேவா?... அந்த ரெண்டு அட்டையையும் டிராயர்லருந்து எடுத்து... நெஞ்சத் தொட்டு, ‘நான்தான்’னு... ரெண்டு பேரும் சிரிச்சாங்களா...”

பல்லி விழுந்ததற்கே அரைமணி நேரம் கதை சொல்லக்கூடிய சுந்தர்ராஜ், தனகோடியைக் கிடத்தியிருந்த அறையை எட்டிப் பார்த்தார்.

“கேக்குது, கேக்குது... திருட்டுப் பய. ரெண்டு வருஷமா என்கிட்ட மூச்சு வுடலியே... தெனம் ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னோமே... இரு கரோலின், வெச்சிடாத. உள்ள போய் அவனையே ஒரு வார்த்த கேட்டுட்டு வ...”

செல்போன் அணைந்தது. அவர் கைகளைப் பிரிக்கவில்லை. விலகி நின்றவர்கள் இன்னும் கொஞ்சம் விலகி நின்றார்கள்.