வலது கால் பெருவிரல்

இல்லம்மா, நான் இப்ப எறங்கல, நீ நல்லா சாஞ்சி உக்காரு. அந்த ஆஸ்பத்திரி கவர எத்தினி நேரந்தான் மடியிலியே வச்சிக்கினு வருவ, குடு, சன்னல் ஓரமா சொருவி வைக்கிறேன். ஹார்ட்டுதானே? கவரப் பாத்தாலே தெரிஞ்சிடும் எனக்கு. எங்க வூட்லயும் பீரோ மேல இதே மாதிரி கெடக்குது. யாருக்கு, அண்ணனுக்கா? ஸ்டென்ட்டு வச்சிட்டாங்களா? சரி, கர்த்தரு காப்பாத்திட்டாரு. ஆனா அதோட முடிஞ்சிச்சின்னு மட்டும் நெனச்சிக்காத தங்கச்சி. நாங்க அப்டித்தான் நெனச்சோம்.

எங்க வூட்டுக்காரரு பேரு சூசைநாதன். அபிஷேகப்பாக்கந்தான் எங்களுக்கு. ஒடம்பு முடியலன்னு அந்த மனுசன் படுத்து நான் பாத்ததே இல்ல. போன கிறிஸ்துமஸ் முடிஞ்சி, வாசல்ல கட்டுன ஸ்டார அவுக்கறேன்னு ஏணியில ஏறுனாரு. ஏறுனவரு பாதியிலியே ஏணியக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னுட்டாரு. அந்தப் பனியில சட்ட தொப்பலா நனைஞ்சி போச்சி. வாயுடி, சோடா வாங்கியான்றாரு. நான் கேக்கல. ஆட்டோவுல அள்ளிப் போட்டுக்கினு ஓடுனேன். ஹார்ட்டுக்குப் போற ரத்தக்குழாயி அடைச்சிக்கினு இருந்துச்சாம், ஸ்டென்ட்டு வச்சாங்க. கொஞ்சம் தாமதமா வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு.

படுக்கையில கண்ண முழிச்சதும் அவுரு மொத கேட்டது இன்னா தெரியுமா? ஓனருகிட்ட ஹார்ட்டுன்னு சொல்லிட்டியான்னு. சொல்லாத, மஞ்சக்காமாலன்னு சொல்லுன்னாரு. ஹார்ட்டுன்னு தெரிஞ்சா அந்த வேலைக்கு வச்சிக்க மாட்டாங்கம்மா. அந்த வேலன்னா அவுருக்கு உசுரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து வேற எதுவும் செஞ்சதில்ல. நானும் காமாலன்னே சொன்னேன், ஒடம்பு தேறுனதும் மறுபடியும் வேலைக்கிப் போயிட்டாரு.

அப்பறந்தான் இந்தக் காலு. வலது கால் பெருவிரலு. ஒரு நாளு காலைல எழுந்தா தக்காளி மாதிரி செவந்து வீங்கிக் கெடக்குது. போர்வ பட்டா கத்துறாரு. ஃபேன் காத்து பட்டாக்கூட நோவுதுடி, நிறுத்துன்றாரு. எதுனா பூச்சி கடிச்சிருக்கும்னு மஞ்சா அரைச்சிப் போட்டேன். அடங்குச்சி. மறுபடியும் வந்துச்சி. ஹார்ட்டு செக்கப்புக்குப் போனப்ப செருப்பக் கையில புடிச்சிக்கினு நொண்டிக்கினு போனாரு, அதப் பாத்துதான் அங்க இருந்த டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. யூரிக் ஆசிட்டு ஏறிக் கெடக்குதுன்னாங்க.

ஆமாம்மா, அதேதான். ரத்தத்துல ஏறுற அந்த ஆசிட்டுதான் உப்பு மாதிரி மூட்டுல படியுதாம். காலு நோவுக்கும் நெஞ்சுக்கும் இன்னா சம்பந்தம்னு நானும் உன்ன மாதிரிதான் கேட்டேன். அவங்க ஒரு டெஸ்ட்டு பண்ணாங்க. கையில பட்டையச் சுத்தி நல்லா இறுக்கி வச்சிருந்து, அப்பறம் பட்டுன்னு அவுத்து வுட்டாங்க. அவுத்து வுட்டதும் ரத்தம் வேகமா ஓடுமாம். அப்ப குழாயி விரிஞ்சி குடுக்கணுமாம். ஸ்கேன்ல பாத்தா இவுருக்கு விரியவே இல்ல. மடையத் தொறந்தா வாய்க்கா எப்டி வாங்கணும், அது வாங்கல, அவ்வளவுதான். டாக்டரம்மா, இந்த யூரிக் ஆசிட்டு குழாயோட உள்பக்கத்தையும் கெடுக்குதோன்னு பாத்துக்கினு இருக்கோம்மா, அடிச்சிச் சொல்ல முடியாது, ஆனா ஹார்ட்டு கெட்டவங்க நெறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வருதுன்னாங்க. ஈரலு கூடாது, கருவாடு கூடாது, பீரு பக்கமே போவக்கூடாது. தண்ணி நல்லா குடிக்கணும். அதுக்குன்னு தனியா ஒரு மாத்தரையும் எழுதிக் குடுத்தாங்க.

இவுரு கேட்டாருன்றியா? பீர வுட்டாரு. கருவாட்டையும் வுட்டாரு, பாவம். ஆனா கூட வேல செய்ற மரியதாஸ்னு ஒருத்தரு, நல்ல மனுசன்தான், ஹார்ட்டு மாத்தர போட்டாலே இந்த உப்பு ஏறும் அண்ண, என் மச்சானுக்கு அப்டித்தான் ஆச்சின்னு சொல்லிட்டாரு. ஒடனே இவுரு எல்லாத்தையும் நிறுத்திட்டாரு. எனக்குத் தெரியாது. டெய்லி என் முன்னாடி வாயில போட்டுக்கினு தண்ணி குடிப்பாரு, பின்னாடி போயித் துப்பிட்டு வருவாரு. கோழி கெளறுற எடத்துல மாத்தர கெடந்துச்சி, அப்பத்தான் கண்டுபுடிச்சேன்.

டாக்டரம்மா அன்னிக்கித் திட்டுன திட்டு இருக்கே. ஏறும்தான்யா, சில மாத்தரைக்குக் கொஞ்சம் ஏறும்தான், அத எங்ககிட்ட வந்து கேட்டா மாத்திக் குடுப்போம்ல, ஸ்டென்ட்டு வச்சிக்கினு நீயா நிறுத்துனா குழாயி மறுபடியும் அடைச்சிக்கும்யான்னாங்க. உங்க அண்ணன்கிட்ட இத மட்டும் மறக்காம சொல்லு தங்கச்சி. யாரு இன்னா சொன்னாலும் நிறுத்தக்கூடாது.

அது ஒரு கத. இன்னொண்ணு கேளு. காலு நோவுக்குன்னு மெடிக்கல்ல கேட்டு வலி மாத்தர வாங்கி முழுங்குறாரு. ஹார்ட்டுக்காரங்களுக்கு அது வெசம், தொடவே கூடாதுன்னு படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்புனாங்க. அது இல்லாம என்னால வேலைக்கிப் போவ முடியாதுடின்றாரு. முட்டி வரைக்கும் காலு வீங்குது இப்ப. படி ஏறுனா மூச்சு வாங்குது. கொஞ்ச நாளு வூட்ல இருய்யா, காலு அடங்கட்டும்னு நான் அழுதேன். பொண்ணு இளவரசி போன்ல அழுதா. நான் வூட்ல குந்திக்கினு இன்னாடி ஆவறது, செத்துப் போன மாதிரிதானேன்றாரு. 

அதான் அவுரு கூடவே சுத்த ஆரம்பிச்சிட்டேன். மடியில பாரு, தண்ணி பாட்டிலு, நெஞ்சு வலி வந்தா நாக்கு அடியில வைக்கிற மாத்தர. எல்லாரும் கேலி பண்றாங்க, புதுசா கட்டிக்கினவங்களாட்டம் வராங்க பாருன்னு. அவுருக்கும் வெக்கமாத்தான் இருக்குது. பண்ணட்டும்.

வெள்ளிக்கெழம நடந்ததக் கேளு. ஏரி வளைவாண்ட ஒருத்தன் ஆட்டு மந்தைய ஓட்டிக்கினு குறுக்க வந்துட்டான். இவுரு பிரேக்குல கால அழுத்துறாரு, அழுத்த முடியல. மொகம் அப்டியே கோணிப் போச்சி. பட்டுன்னு இடது காலத் தூக்கி மாத்திப் போட்டு அமுக்குனாரு. வண்டி மந்தைய ஒட்டி வந்து நின்னுச்சி. எல்லாரும் ஆட்டுக்காரனத்தான் திட்டுனாங்க. அந்தக் கால நான் ஒருத்திதான் பாத்தேன். பின்னாடி ஸ்கூல் புள்ளைங்க கம்பியப் புடிச்சிக்கினு சிரிச்சிக்கினு இருந்துதுங்க.

எதுலயா? இதுலதாம்மா. இதே வண்டி. அதோ ஓட்டிக்கினு போறாரே, அவுருதான்.

உக்காரு, உக்காரு. எழுந்திரிக்காத. பாட்டு சத்தத்துல அவுருக்குக் கேக்காது, ஆனா நீ எழுந்தா திரும்பிப் பாப்பாரு. ஒண்ணும் ஆவாது, மெதுவாத்தான் போறாரு பாரு. பாகூரு வரைக்குந்தான். ஸ்டாண்டுல ஓனரு வந்து நிக்கிறாரு, வேற டிரைவர இட்டுக்கினு. வண்டி கெளம்புனப்பறம் நான்தான் போன் போட்டேன். காமால இல்ல சார், ஹார்ட்டுன்னு சொன்னேன். கால் நோவையும் சொன்னேன். மாத்தரையும் சொன்னேன்.  இனிமே அவன வண்டியில ஏத்த மாட்டேம்மான்னாரு. சரிங்க சார்னேன்.

தெரியாதும்மா. இவுருக்கு இன்னும் தெரியாது. எறங்குனா தெரிஞ்சிக்குவாரு.

தோ, கண்ணாடியில என்னப் பாத்து சிரிக்கிறாரு பாரு. பாகூர்ல எறங்கி டீ சாப்புடலாமான்னு கையக் காட்டுறாரு. நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன்.