பாட்டுக்கு முன்னாடி ஒரு மூச்சு

திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் யாரோ ஒரு அண்ணியும் நாத்தனாரும். ஒரே செல்போன், ஆளுக்கு ஒரு காதில் ஒயர்.

"இன்னா அண்ணி, ஒருத்தரும் பாடவே இல்ல?"

"பாட்டு கிடையாது ரோசி. சின்னதும் பெருசுமா நாலு வயலின் மட்டும்தான். உங்கண்ணன் மெட்ராஸ் போயி வாசிச்ச ஆல்பம். அவரு செத்தப்புறம்தான் வெளிய வந்துச்சு."

"நாலுல எது அண்ணன்?"

"வாசிப்ப வச்சி எனக்கும் தெரியல. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு இழுக்குது பாரு, அதான் அவரு."

"அய்ய. சர்ச்சு பூசையில வாசிக்கும்போது சாமியாரு இதுக்குத்தான திட்டுவாரு? மாடு மாதிரி மூச்சு வுடாதடான்னு."

"ஆமா. இந்த மியூசிக் போட்டவரு அத வெட்டாம அப்படியே வுட்டுட்டாரு. நான் தெனமும் அதத்தான் கேட்டுக்கினு இருக்கேன்."

ரோசி வெளியே பார்த்துக்கொண்டே வந்தது. பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியது.

"அண்ணி, வயலின் வேணாம். அந்த மூச்ச மட்டும் வையி."

அண்ணி வைத்தது. வயலின் வருவதற்குள் நிறுத்தியது. திரும்பவும் வைத்தது. விழுப்புரம் வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே வந்தார்கள்.