பாம்பன் பாலத்தில் புதுச் சைலன்சர்

மஜீதா: ...கைய எடுங்க மச்சான். ஸ்டியரிங்க நானே பிடிச்சுக்கிறேன்.

பாக்கர்: கை தானா வருது. பாலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்துரு.

மஜீதா: தெரியும்.

பாக்கர்: பின்னால ட்ரெய்லர்ல வள்ளம் கெடக்கு. வெறும் வண்டின்னு நெனச்சுராத.

மஜீதா: கண்ணாடில பாத்தா வள்ளத்தத் தவிர வேற ஒண்ணுமே தெரியல. அதுக்கு வால் மொளச்ச மாதிரி முனீஸ்வரன் அண்ணன் பைக்கு வேற.

பாக்கர்: அவரு வள்ளம்ல. ஒட்டுப் போட்டு முடிச்சு இன்னைக்குத்தான் கைக்கு வருது. பாம்பன் கரைல எறக்குற வரைக்கும் மனுசனுக்கு நிம்மதி இருக்காது.

மஜீதா: அவருக்கு மட்டுமா...

பாக்கர்: என்ன?

மஜீதா: ஒண்ணுமில்ல. வண்டிச் சத்தத்தக் கேளுங்க. நேத்து வரைக்கும் சளி கட்டுன கெழவன் மாதிரி இருமிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி தொண்டையச் செருமிக்கிட்டு வருது.

பாக்கர்: மெக்கானிக் தர்மராஜ் நல்லாத்தான் செஞ்சிருக்காரு. பழைய சைலன்சரக் கழட்டித் தட்டுனா, சட்டி நெறயக் கரி. புகை வெளிய போக வழியில்லாம எஞ்சின் எப்பிடி இழுக்கும்? இப்ப அகலமான குழாயி, எங்கனயும் ஒடுங்காம வளச்சுப் போட்டிருக்காரு. இனி சுமைய மாட்டுனா வண்டி மொனங்காதுன்னாரு.

மஜீதா: இம்புட்டுப் பழைய பிக்கப்புக்கு இது தேவையா? அப்பிடி என்ன அவசரம் உங்களுக்கு?

பாக்கர்: வெள்ளிக்கிழமை பிளைட்டு. வேற என்ன அவசரம். இந்தா பாரு மஜீதா. வள்ளம் ஏத்தி எறக்க நம்ம வண்டி வரும்னு கரைக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீ என் தொணை இல்லாம வள்ளத்த இழுத்துக்கிட்டு இந்தப் பாலத்த ஒரு தடவை ஏறிட்டாப் போதும். நான் நிம்மதியா தோஹாவுக்குப் பொறப்பட்டுருவேன்.

மஜீதா: ஏறலேன்னா?

பாக்கர்: ஏறலேன்னா எங்கன போறது? சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல. வண்டிய நானே ஓட்டிக்கிட்டு மண்டபத்துலயே கெடக்க வேண்டியதுதான்.

மஜீதா: கெடக்க வேண்டியதுதானா... பொண்டாட்டி பிள்ளையோட இருக்குறதுக்குப் பேரு கெடக்குறதா?

பாக்கர்: வார்த்தையப் பிடிக்காத. ரோட்டப் பிடி.

மஜீதா: ரெண்டையும் பிடிக்கத் தெரியும் எனக்கு. அம்ரீன் நேத்து போன்ல என்ன கேட்டா தெரியுமா? "அத்தா இந்தத் தடவையாவது என் காலேஜுக்கு வருவாகளா"ன்னு.

பாக்கர்: நீ என்ன சொன்ன?

மஜீதா: உங்க அத்தா வண்டிக்குச் சைலன்சர் மாத்தப் போயிருக்காருன்னேன்.

பாக்கர்: ...ஒரு கதை சொல்லவா?

மஜீதா: பாலத்துக்கிட்ட வந்த பெறகா? நல்ல நேரம் பாத்தீக.

பாக்கர்: சின்னக் கதைதான். ஒரு ஊர்ல ஒரு வண்டி மாடு.

மஜீதா: நானா?

பாக்கர்: கேளு மொதல்ல. நல்ல மாடு. திடீர்னு ஒரு நாள் நொண்டுச்சு. சொந்தக்காரன் லாடத்த மாத்துனான். அப்பவும் நொண்டுச்சு. அச்சுக்கு மை போட்டான். அப்பவும் நொண்டுச்சு. நுகத்தடியவே புதுசாச் செஞ்சு போட்டான்...

மஜீதா: பெறகு?

பாக்கர்: பெறகு தெரியல. கதை இன்னும் முடியல.

மஜீதா: கிறுக்குப் பய. மாட்டுக்கிட்டயே கேட்டிருக்கலாம்ல.

பாக்கர்: மாடு பேசுமா?

மஜீதா: பிள்ளைக்கு நீங்க சொன்ன கதைல எல்லாம் நரி பேசும், நண்டு பேசும். மாடு மட்டும் பேசாதாக்கும்.

பாக்கர்: இந்த மாடு பேசாது. அதான் சங்கடம்.

மஜீதா: சரி சரி, பாலம் வந்துருச்சு. பிஸ்மில்லாஹ்.

பாக்கர்: மிதி. தெக்குக் காத்து அடிக்கிது. வள்ளம் லேசா ஆடும், பயந்துராத.

மஜீதா: பயமில்ல. இந்தச் சுத்திப் பாக்க வந்தவுகளத்தான் என்ன செய்யன்னு தெரியல. காரப் பாலத்து மேலயே நிப்பாட்டிட்டு போட்டோ எடுக்காக.

பாக்கர்: ஹாரன் அடி... என்ன, வேகம் கொறையுது?

மஜீதா: வண்டி இழுக்கல மச்சான்.

பாக்கர்: இழுக்கலையா?

மஜீதா: போன வாரம் மாதிரியேதான். உங்க தர்மராஜ் குழாய மாத்துனாரா, இல்ல பெயிண்ட் அடிச்சு விட்டாரா?

பாக்கர்: போன வாரம் நீ விட்ட எடத்துலருந்து நான்தான் ஓட்டுனேன். திணறுச்சு... ஆனா ஏறுச்சு.

மஜீதா: உங்க காலு வேற, என் காலு வேற.

பாக்கர்: நிக்கப் போகுது மஜீதா.

மஜீதா: நின்னா நிக்கட்டும். நீங்க எறங்கி இந்தப் பக்கம் வாங்க.

பாக்கர்: கண்ணாடியப் பாரு. முனீஸ்வரன் வள்ளத்த ஒட்டி நிக்கிறாரு. அவருக்குப் பின்னால பஸ்ஸு. ஒதுங்க எடமில்ல. வண்டி பின்னுக்கு உருண்டுச்சுன்னா...

மஜீதா: யா அல்லாஹ்...

பாக்கர்: மிதி.

மஜீதா: மிதிக்கிறேன்... மிதிக்கிறேன்...

பாக்கர்: கிளச்ச மெதுவா விடு. அப்பிடித்தான்.

மஜீதா: ...ஏறுது.

பாக்கர்: ஏறுது.

மஜீதா: எம்மா, என்னா இழுவை. பின்னால வள்ளம் இருக்கா, கழண்டு விழுந்துருச்சா?

பாக்கர்: இருக்கு. அவரும் இருக்காரு. கையக் காட்டிச் சிரிக்கிறாரு.

மஜீதா: உச்சியே வந்துருச்சு...

பாக்கர்: அல்ஹம்துலில்லாஹ். இனி எறக்கம். கியர்லயே விடு. பிரேக்க அமுக்கிக்கிட்டே வராத.

மஜீதா: கியர்லதான் வருது.

பாக்கர்: நல்லா ஏத்திட்ட.

மஜீதா: ம்.

பாக்கர்: என்ன, சந்தோஷமில்லையா?

மஜீதா: பெட்டில கருவாடு வைக்கவா? போன தடவை ஏர்போர்ட்டுல எடுத்துப் போட்டுட்டாகன்னு சொன்னீக.

பாக்கர்: இப்ப அதத்தான் கேக்கணுமா?

மஜீதா: வேற எதக் கேக்க? நீங்க பொறப்படுறப்பல்லாம் நான் அதத்தான கேட்டிருக்கேன். ஒண்ணு சொல்லுவேன். திட்டக் கூடாது.

பாக்கர்: சொல்லு.

மஜீதா: பழைய சைலன்சர்ல கரி அடைச்சிருந்தது நெசந்தான். ஆனா வண்டி நின்னது அதனால இல்ல. போன வாரம் ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தது நான்தான். இன்னைக்கும் எடுத்தேன். பின்னால அந்த மனுசன் மட்டும் நிக்காம இருந்திருந்தா, இந்நேரம் நீங்கதான் ஓட்டிக்கிட்டு இருப்பீக. எனக்கு இந்தப் பாலம் ஏறத் தெரியும் மச்சான். எப்பயோ தெரியும். ஏறிக் காட்டுனா நீங்க போயிருவீக...

பாக்கர்: அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல.

மஜீதா: சொன்னா இருந்துருவீக. பெறகு வீட்டுல ஏதாவது கொறைன்னு வந்தா, வாயால ஒண்ணும் சொல்ல மாட்டீக. ஒரு பார்வை மட்டும் பாப்பீக... என்னால அதத் தாங்க முடியாது. வண்டி மேல பழியப் போட்டா வண்டிக்கு வலிக்கவா போகுது? கோவமா மச்சான்?

பாக்கர்: கோவம் எதுக்கு? நீ காலை எடுத்தத நான் அன்னைக்கே பாத்துட்டேன்.

மஜீதா: பாத்துட்டுமா சைலன்சர மாத்துனீக? போறதுக்கு அம்புட்டு ஆசையா?

பாக்கர்: போறதுக்கு இல்ல புள்ள. வண்டி இழுக்கலன்னு சொல்ல வழியில்லாமப் போச்சுன்னா, 'போகாதீக'ன்னு என் மொகத்தப் பாத்து நீ சொல்லுவன்னு நெனச்சேன். இத்தன வருஷத்துல ஒரு தடவை நீ அதச் சொல்லிட்டா, டிக்கெட்டக் கிழிச்சுக் கடல்ல போட்டுட்டு வீட்டுக்கு வந்துரணும்னு இருந்தேன்... நீ என்னடான்னா, பாலத்த ஏறி முடிச்சிட்ட.