மேனகாவுக்கு ஐந்து நாள் மாத்திரை

பல்லில் ரூட் கேனால் செய்துகொண்டு வந்தவர்களுக்கு ராகிக் கூழை நன்றாக ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். வாய் மரத்திருக்கும்போது சூடாகக் கொடுத்தால் உதடு வெந்துபோவதுகூடத் தெரியாது. என் மனைவி மேனகாவுக்கு நான் அப்படித்தான் ஆற்றி ஆற்றி ஊட்டினேன். இன்ஸ்பெக்டர் சார், நான் அவளைக் கவனித்துக்கொள்ளவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

செம்மநத்தம் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட். அங்கே பதினெட்டு வருஷமாக நான்தான் கம்பவுண்டர். டாக்டர் மாதத்தில் ஒரு நாள் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் இந்த அன்பழகன் சொல்வதுதான் வைத்தியம். நான் உள்ளங்கையில் வைக்கிற மாத்திரையை என்ன ஏது என்று கேட்காமல் முழுங்குவார்கள். முடியாதவர்களைச் சேலத்துக்குக் கூட்டிப் போக எஸ்டேட் ஜீப் உண்டு. ஆனால் நான் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

மேனகா என்னை விட்டுப் போவதாக இருந்தாள். சேலத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அவள் தங்கை சசிரேகா சமையல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். இருபது வருஷக் குடும்பத்தில் நான் மேனகாமேல் கை நீட்டியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நானேதான் மருந்து போட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

கிளம்ப வேண்டிய வாரத்தில் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. சேலத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று பல்லைத் திறந்து சுத்தம் செய்து, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று அந்த டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். பஸ்ஸில் மேலே வரும்போது மேனகா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கும்போது, இவளுக்குச் சீக்கிரம் குணமாக வேண்டாம் என்று நினைத்தேன்.

வலி மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தேன். அவள் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது. சீழுக்கு எழுதிய மாத்திரைக்குப் பதிலாக டிஸ்பென்சரியில் இருந்த கால்சியம் மாத்திரையைக் கையில் வைத்தேன். அதுவும் பல்லுக்கு நல்லதுதான்.

இரண்டாம் நாள் பக்கத்து லைன் வீட்டிலிருந்து வீராயி பார்க்க வந்தாள். "பல்லு போனாச் சொல்லு போச்சும்பாங்க. இனி இந்த ஊட்டுல கம்பவுண்டரய்யா வெச்சதுதான் சட்டமுங்க" என்று கிண்டல் செய்தாள். மேனகா வீங்காத பக்கத்தால் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இப்படிப் பாத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க. நான் எங்கயும் போகலீங்க. சசிரேகாகிட்டச் சொல்லிப்போடுங்க."

அதைக் கேட்க நான் எத்தனை சாமியைக் கும்பிட்டிருப்பேன். அந்த நிமிஷமே சரியான மாத்திரையைக் கொடுத்திருக்கலாம். அட்டை என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் காய்ச்சலில் சொல்கிற வார்த்தையை எப்படி நம்புவது? உடம்பு தேறினால் மனசு மாறிவிடும். இன்னும் இரண்டு நாள் போகட்டும், அந்த எண்ணம் நன்றாக ஊறட்டும் என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. எச்சிலை முழுங்க முடியவில்லை. வீராயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்குதே. கீழ கூட்டிட்டுப் போயிரலாமுங்களா?"

"ரூட் கேனால் பண்ணுனா வீங்கத்தான் செய்யுமுங்க. நொம்பப் பயப்படாதீங்க" என்றேன்.

அவள் மேனகாவின் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கம்பவுண்டரே சொல்கிறார் என்று காபிப் பழம் பறிக்கப் போய்விட்டாள். அவள்மேல் தப்பு சொல்ல முடியாது. கண்ணால் கண்டதைவிட என் பேச்சை நம்பித்தான் அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு இழுத்தது. பேச்சு வரவில்லை. இடது உள்ளங்கையில் வலது விரலால் எழுதிக் காட்டினாள். ஜீப்புக்குச் சீட்டு எழுதச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பத்து மணி வரைக்கும் பார்க்கலாம் கண்ணு என்றேன். அவள் மறுபடியும் எழுதிக் காட்டினாள். மொத்தம் மூன்று தடவை.

பத்தரைக்குச் சீட்டு எழுதினேன். ஜீப் குப்பனூர் ரோட்டில் இறங்கியது. குப்பனூர் வருவதற்குள் என் மடியிலேயே அவள் மூச்சு நின்றுவிட்டது. நான் அழுதேன் சார். டிரைவரைக் கேட்டுப் பாருங்கள், என்னைத் தேற்ற முடியாமல் அவரே வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

மாத்திரை அட்டையை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானேதான் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்தேன். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால், அக்கா அவரை விட்டு வர இருந்தாள் என்று சசிரேகா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் சார். மேனகா கடைசிவரைக்கும் என்னோடுதான் இருந்தாள்.