தையல்காரம்மா சொன்ன கிழமை

மாண்புமிகு தலைவர் அவர்களே, மன்றத்தைக் கட்டிக் காக்கும் செயலாளர் அவர்களே, மூத்தோரே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே, வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கும் தோழரே, இடமில்லாமல் கதவோரம் நின்றபடியே கேட்கும் கனிவுடையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் என்னை 'உயிர் காத்த இளைஞர்' என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ள நான் வரவில்லை. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

வேண்டாம். இதற்கும் தட்டாதீர்கள். இது அடக்கம் இல்லை.

நான் யார்? சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை. ஒரு மேசை. ஒரு கணினி. கீழே துணி உலர்த்தும் இயந்திரங்களின் சூடு ஏறி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் தரை. அங்கே உட்கார்ந்து சின்னச் சின்னச் செயலிகளைத் தனியாளாகச் செய்து விற்கிறேன். முதலாளி நான். ஊழியன் நான். வாடிக்கையாளர் திட்டினால் 'எங்கள் குழு கவனிக்கும்' என்று பதில் எழுதுகிறவனும் நான். குழுவும் நான்தான்.

சிரிக்கிறீர்கள். நானும் இதைச் சொல்லிப் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் நான் எழுதியதை இன்னொரு கண் பார்ப்பதில்லை. நான் மறந்ததைக் கேட்க இன்னொரு வாய் இல்லை.

நான் செய்தவற்றில் ஒன்றின் பெயர் 'எழுந்தாச்சு'. தனியாக வாழ்கிறவர்களுக்கானது. கைபேசியில் ஒரே ஒரு பொத்தான். காலையில் எழுந்ததும் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கைபேசியில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். ஒன்பது மணிக்குள் அழுத்தாவிட்டால் எச்சரிக்கை போகும். அவ்வளவுதான். முந்நூற்று நாற்பது பேர் அதை நம்பினார்கள்.

முதலில் நம்பியவர் நம் தெருவின் தையல்காரம்மா. வீட்டின் முன்னறையில் இயந்திரம், பின்னறையில் கட்டில், ஒரே மகள் வேறு ஊரில் பரிசோதனைக்கூட வேலையில். நான் போய்க் கேட்டபோது, "பொத்தான் தைச்சே விரல் தேஞ்சு போச்சு, இப்ப அமுக்கவும் சொல்றியா தம்பி" என்று கேலி செய்தபடியே சம்மதித்தார்.

செய்தி சரியாகப் போகிறதா என்று சோதிக்க எனக்கு ஒரு நிஜ ஆள் வேண்டும். போலிப் பெயர்களில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். நிஜ ஆளிடம்தான் கோளாறு வெளியே வரும். தையல்காரம்மாவைக் கேட்டேன். என் பேரிலேயே அமுக்கிப் பார் என்றார். தினமும் காலை ஆறு மணிக்கு அவருக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்த ஒரு குட்டி நிரல் எழுதி, என் மேசைக்கு அடியில் இருக்கும் கணினியில் ஓட விட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும். வாரம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

எடுத்தேனா?

பதினான்கு மாதம், ஐயா. பதினான்கு மாதம்.

ஒருமுறை அவரே கேட்டார். "நான் அமுக்குறதுக்கு முன்னாடியே பச்சையா இருக்கே தம்பி?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களை அது அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொண்டு மாடியேறினேன்.

இனி நீங்கள் அறிந்த கதை. ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகளுக்கு எச்சரிக்கை போனது. மகள் பக்கத்து வீட்டை அழைத்தார். பூட்டுக்காரர் வந்தார். கதவு திறந்தது. குளியலறைத் தரையில் தையல்காரம்மா. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு வாளி, அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர். பிழைத்தார். செயலி காப்பாற்றியது என்று தெரு பேசியது. மன்றம் கூடியது. இதோ, மேசைமேல் கேடயம்.

நானும் நம்பினேன். பெருமையில் மிதந்தேன். இந்தக் கதையை என் இணையப் பக்கத்தில் போட நினைத்து, அவர் கடைசியாக எப்போது அழுத்தினார் என்று பதிவுகளைத் திறந்தேன். பட்டப்பகல். கீழே இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

திங்கள், ஆறு மணி, பூஜ்ஜியம் நிமிடம், பூஜ்ஜியம் நொடி. செவ்வாய், ஆறு மணி, பூஜ்ஜியம், பூஜ்ஜியம். புதன், அதே. வியாழன் மட்டும் வெறுமை.

எந்த மனிதர் நாள் தவறாமல், நொடி பிசகாமல் எழுவார்? எந்த விரல் இப்படி அழுத்தும்?

வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்திருந்தேன், பல் கிட்டிக்கொண்டது. அழுத்தியது அவரில்லை. என் மேசைக்கு அடியில் நான் மறந்துபோன அந்த நிரல். அப்படியானால் வியாழக்கிழமை ஏன் அழுத்தவில்லை? நினைவு வந்தது. அன்று சலவைக்கடையில் மின்பலகை மாற்றினார்கள். ஐந்தரை மணிக்கே வந்து கட்டடம் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார் எலக்ட்ரீஷியன். எச்சரிக்கை அனுப்பும் கணினி வேறிடத்தில் இருப்பது; என் மேசைக் கணினி மட்டும் அணைந்ததால் உண்மை வெளியே போனது. ஓடியிருந்தால்? வெள்ளியும் பச்சை. சனியும் பச்சை. எத்தனை நாள் வரை பச்சை?

உயிர் காத்தவருக்குத்தான் இந்தக் கேடயம் என்றால், அந்த எலக்ட்ரீஷியனைத் தேடிக் கொடுங்கள்.

இல்லை, தலைவரே, முடிக்க விடுங்கள். இன்னும் கேவலமானது பாக்கி இருக்கிறது.

தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? ஓடினேனா? சொன்னேனா? அழித்தேன். அந்த நிரலை அழித்தேன். யோசிப்பதற்கு முன்பே விரல் செய்து முடித்துவிட்டது. பிறகு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதுதான் என்னை இன்றும் நடுங்க வைக்கிறது. தனியாள். யாருக்கும் தெரியாது. தவறைச் செய்தவன் நான், கண்டுபிடித்தவன் நான், மறைக்கிறவனும் நானே. ஒன்பது நாள் அப்படி இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன். தூங்கவும் முடிந்தது.

பத்தாம் நாள் மகள் அழைத்தார். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். அம்மாவை என் ஊருக்கே அழைத்துப்போகிறேன், தையல் இயந்திரத்துக்கு ஆள் பார்த்தாகிவிட்டது, வீட்டைக் காலி செய்கிறோம் என்றார். ஏன் அக்கா, எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னாரே என்றேன்.

"எலும்பு கூடிரும் தம்பி. புத்திதான்... திங்கக்கிழமை விழுந்தேன்னு சாதிக்கிறாங்க. உங்க ஆப்புல புதன்கிழமை வரைக்கும் பச்சை காட்டுது. நாள் கிழமையே தெரியாதவங்களை எப்படித் தனியா விடுறது?"

பிறகு ஒன்று கேட்டார். எனக்கு இரவு வேலை இருக்கும் நாட்களுக்குப் புது வீட்டிலும் உங்கள் ஆப்பைப் போட்டுக் கொடுங்கள் என்று.

தாய்மாரே, கேட்டீர்களா? மூன்று நாள் தரையில் கிடந்தவர் ஒன்று சொன்னார். ஒரு பச்சைப் புள்ளி வேறொன்று சொன்னது. மகள் புள்ளியை நம்பினார். மருத்துவமனை புள்ளியை நம்பியது. நீங்கள் நம்பினீர்கள். பாவம் அந்தம்மா, மறதி வந்துவிட்டது என்று கடைவாசலில் பேசினீர்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

மருத்துவமனைக்கு ஓடினேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, எந்தக் கிழமை விழுந்தீர்கள் அம்மா என்று கேட்டேன். திங்கள் என்பார், நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் போர்வையின் ஓரத்து மடிப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"புதன்கிழமைதான் தம்பி. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான்தான் குழம்பிட்டேன் போல."

என் வாழ்நாளில் அப்படி ஓர் அடி வாங்கியதில்லை. யாரும் கை ஓங்கவில்லை. அவர் என் பதிவுக்கு ஏற்றபடி தன் நினைவைத் திருத்திக்கொண்டுவிட்டார். துணியில் அளவு தவறினால் பிரித்துத் தைப்பாரே, அப்படி.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி, நிரல், பதினான்கு மாதம், அழித்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்.

"அப்ப மூணு தடவை விடிஞ்சது நெசந்தானா?"

நிஜம் அம்மா.

"யாரோ ரெண்டு தடவை கதவைத் தட்டிட்டுப் போனாங்களே?"

அதுவும் நிஜமாகத்தான் இருக்கும் அம்மா.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல." இதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். விழுந்ததற்கு அழாதவர்.

மகளிடமும் சொன்னேன். முன்பெல்லாம் தினமும் சாயங்காலம் அம்மாவோடு பேசுவாராம். பச்சைப் புள்ளி வந்த பிறகு ஞாயிறு மட்டும். 'கவலையை விடுங்கள்' என்று விளம்பரம் எழுதியவன் நான். கடைசியில் சொன்னார். "எங்கிட்ட சொன்னா பத்தாது. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு தெரு முழுக்கச் சொன்னது நான். தெரு முன்னாடி வந்து சொல்லுங்க."

அதனால் வந்தேன். அன்றே முந்நூற்று நாற்பது பேருக்கும் கடிதம் எழுதினேன். எண்பது பேர் விலகினார்கள். விலகியது சரி. மற்றவர்களின் பதிவுகளை ஒருவர் விடாமல் பார்த்தேன். பூஜ்ஜியம் பூஜ்ஜியம் வேறெங்கும் இல்லை. இனி நான் எழுதுவதை இன்னொருவர் படித்த பிறகே வெளியே விடுவேன். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன்.

தோழரே, திரையில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று பொருளா? எங்கோ ஒரு மேசைக்கு அடியில் ஒரு கணினி ஓடுகிறது, அவ்வளவே பொருள். எதிரே ஒருவர் வாய் திறந்து பேசினால், முதலில் அவரைக் கேளுங்கள். தளர்ந்த குரலானாலும் கேளுங்கள். தடுமாறும் குரலானாலும் கேளுங்கள். என்னைப் போன்றவன் எழுதியதைப் பிறகு பாருங்கள்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அவர் இருக்கிறார். பக்கத்தில் மகள். இயந்திரம் முன்னறையிலேயே இருக்கிறது; வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மா, இந்த மன்றத்தின் முன் சொல்கிறேன். உங்கள் புத்தியில் பிசகில்லை. பிசகு என்னுடையது. நீங்கள் விழுந்தது திங்கட்கிழமை.

என்னம்மா? கையைத் தூக்குகிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"காலைல ஆறரை மணி. அதையும் சேர்த்துச் சொல்லு தம்பி."

திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. செயலாளர் அவர்களே, அவர் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. கேடயம் மேசைமேலேயே இருக்கட்டும். வணக்கம்.