மஞ்சள் அம்புகள்

"லாரிக் கதவில் என் பெயரை எழுதுங்கள்" என்று அப்பாவிடம் கேட்டேன். அதை மட்டும் வாய்விட்டுக் கேட்காதே, அவராகவே செய்வார் என்று அம்மா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமும் நான் கேட்கவில்லை. எனக்குப் பொறுமை அதிகம் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கைசா சல்மேலா. இந்தத் தண்டர் பே ஊரில், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்தது மெக்கானிக்கல். அப்பா ஆர்வோவுக்குச் சொந்தமாக ஒரே லாரி. எந்தக் கம்பெனிக்கும் கைகட்டி நிற்காமல் அறுத்த மரம் ஏற்றிப் பிழைத்தவர். கதவில் தன் பெயருக்குக் கீழே ஓர் இடம் விட்டிருந்தார். "படிப்ப முடி, லைசென்ஸ் எடு. அந்த எடம் உனக்குத்தான்" என்றார். முடித்தேன், எடுத்தேன், நாலு குளிர்காலம் ஓட்டினேன். மைனஸ் முப்பத்தைந்தில் லாரிக்கு அடியில் ஊர்ந்துபோய், உறைந்த பிரேக்கைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்திருக்கிறேன். அதையெல்லாம் யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. என்னுடைய லாரி என்று நினைத்துச் செய்தேன்.

கேட்டது சனிக்கிழமை. அப்பாவும் தம்பி ஜாரியும் சானா என்கிற எங்கள் நீராவிக் குளியலறையின் சூட்டில் வெந்து, முகம் சிவக்க, தோளில் துண்டோடு சமையலறைக்கு வந்தார்கள். ஜாரி லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"உள்ள உக்காந்து பேசிட்டோம்மா," என்றார் அப்பா. "ஜாரி பேர எழுதிடலாம்."

"அந்த எடம் எனக்குன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நாளைக்கு நீ கல்யாணம் கட்டிப் போனா நான் கதவச் சொரண்டிக்கிட்டு நிக்கவா? மர யார்டுல ஒருத்தன் விடாம சிரிப்பான்."

"வேணும்னா வைப்பர்ல உன் பேர எழுதிக்கக்கா," என்றான் ஜாரி. "மழை பேஞ்சா கையாட்டும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். மறுநாளே அப்பா தன் கையால் பிரஷ் பிடித்து அவன் பெயரை எழுதினார்.

திங்கள் காலை வழக்கம்போல லாரியைச் சுற்றி வந்தேன். புறப்படும் முன் சோதனை செய்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அது சட்டம். ஜாரி ஓட்டுகிற நாளில் கையெழுத்து மட்டும்தான் அவனுடையது. காபிக் கோப்பையோடு இருக்கையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கட்டத்திலும் 'சரி' போட்டுவிடுவான். சுற்றி வருவது நான்.

எங்கள் லாரியில் சக்கர நட்டு ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு இருக்கும். பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். நட்டு தளர்ந்தால் அம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை ஜாரி இடது பின்சக்கரத்துக்கு டயர் மாற்றி வந்திருந்தான். டயர் மாற்றினால் நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். முறுக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். அந்தச் சக்கரத்தில் ஆறு அம்புகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்பேனர் பெட்டி என் காலடியில்தான் இருந்தது. பத்து நிமிட வேலை. நான் பெட்டியைத் திறக்கவில்லை. அம்புகளைக் கழற்றி, நேராக்கி, திரும்ப மாட்டினேன். ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை ஐயா. தளர விட்டது அவன். எப்படியும் அவன் பார்க்கப்போவதில்லை. பார்க்காதவனுக்கு அம்பு எப்படி நின்றால் என்ன? அப்புறம் எதற்கு நேராக்கினாய் என்று கேட்பீர்கள். எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஜாரி வந்தான். கையில் காபி இல்லை, டார்ச் இருந்தது.

"நகருக்கா. இன்னிக்கி நான் பாக்குறேன்."

"நீயா?"

"பேரு எழுதியாச்சுல்ல. ஏதாச்சும்னா இனிமே என் சட்டையத்தான் பிடிப்பாங்க."

ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்தான். இடது பின்சக்கரத்தின் அருகே முட்டி போட்டு, அம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டான்.

"எல்லாம் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது. சரிதானக்கா?"

"அம்பெல்லாம் நேராத்தான் இருக்கு," என்றேன். அதில் பொய் இல்லை. அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டியைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, அப்சலா ஊருக்கு முன்னால், சக்கரம் கழன்று எதிர்ப்பக்கம் உருண்டது. அது மோதிய காரில் இருந்த நர்ஸ், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அங்கேயே இறந்துபோனார். பெயர் லொரெய்ன் என்று பேப்பரில் பார்த்தேன். அவரை எனக்குத் தெரியாது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

சோதித்தேன், அம்புகள் நேராக இருந்தன என்று ஜாரி உங்களிடமும் சொல்லியிருப்பான். அவனுடைய பழைய தாள்களைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. அப்பாவே அவன் முகத்துக்கு நேரே, "பொய் சொல்லாதடா" என்றார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் ஒழுங்காகப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஜாரியைக் கைது செய்த பிறகு ஆறு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை அப்பா என்னை யார்டுக்குக் கூப்பிட்டார். விசாரணை முடிந்து லாரி வந்திருந்தது. கதவில், அவர் பெயருக்குக் கீழே, கைசா. கறுப்பு எழுத்து, பிழையில்லாமல். விரலால் தடவினேன். ஓரம் தூக்கிக்கொண்டது. ஒட்டி எடுக்கிற காந்தத் தகடு. அதன் அடியில் ஜாரியின் பெயர் அப்படியே இருந்தது.

"அவன் வெளிய வர்ற வரைக்கும்தாம்மா," என்றார் அப்பா. "அப்புறம் எடுத்துடலாம். அடியில பெயிண்டு கெடாது."

தகட்டைப் பிய்த்து, சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சாவியை லாரிப் படியில் வைத்தேன்.

"எங்கம்மா போற? லோடு காத்துக்கிட்டிருக்கு."

"என் பேர எழுதப் போறேன்," என்றேன். "யாரும் பிச்சு எடுக்க முடியாத எடத்துல."

என்னமோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நான் கேட்டைத் தாண்டி, உங்கள் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன்.