ஒற்றைக் கை அலமாரி

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, ஏன் கொடுத்தோம் என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே, தீர்மானத்தைத் தட்டச்சு செய்து மடியில் மடித்து வைத்திருக்கும் செயலாளர் அவர்களே, கண்ணாடிக் கதவுக்குள் கலையைக் காத்துவரும் மூத்த சேகரிப்பாளர்களே, வீட்டுக்காரர் வாங்கிக் குவித்ததையெல்லாம் தூசி தட்டித் தட்டியே தோள்வலி கண்ட தாய்மார்களே, வேலை முடிந்ததும் விரல்கள் துறுதுறுக்க இங்கே விரைந்தோடி வரும் தோழர்களே, தோழிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் அன்பும் ஆத்திரமும் கலந்த என் வணக்கம்.

ஆத்திரம் என்றதும் தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஐயா, உங்கள் காதில் சரியாகத்தான் விழுந்தது. அன்பைப் பற்றிப் பேச இன்னொரு நாள் கூப்பிடுங்கள், வருகிறேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. அந்தப் பிழைப்பில்கூட வராத கோபம், போன மாதம் இதே கூடத்தில் எனக்கு வந்தது. இன்னும் இறங்கவில்லை.

இன்று நம் வீடியோ கேம் சேகரிப்போர் சங்கத்தில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. சீல் பிரிக்காத பெட்டிகளுக்கு மட்டும்தான் இனிமேல் சேகரிப்பு என்று பெயராம். அப்படிப்பட்ட பெட்டிகள் ஓர் அலமாரி நிறைய இல்லாதவர் இனி உறுப்பினர் கிடையாதாம், பார்வையாளராம். பார்வையாளர் நம் இரவல் அலமாரியிலிருந்து ஓர் ஆட்டத்தைக்கூட எடுத்துப்போகக் கூடாதாம். வரலாம், பார்க்கலாம், பெருமூச்சு விடலாம், வீட்டுக்குப் போகலாம்.

யாரை வெளியேற்ற இந்த ஏற்பாடு? தீர்மானத்தில் பெயர் இல்லை. ஆனால் இந்தக் கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், இது என் தம்பிக்காகத் தைத்த சட்டை. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இங்கே அழைத்து வந்தேன். அவனைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றும் சொல்லியிருந்தேன். அது பொய். கடைசி வரிசையில், கதவோரம், நீலச் சட்டையில் எழுந்து நிற்கிறானே, அவன்தான். உட்காருடா. அக்கா பேசி முடிக்கிற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. கதவுகிட்ட நிக்கிறவங்க கொஞ்சம் வழிய மறிச்சுக்கோங்க. ரொம்ப நன்றி.

என் தம்பி அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அப்போது அவனும் உங்களைப் போலத்தான். தள்ளுபடி என்று பலகை மாட்டினால் போதும், கடைக்குள் போய்விடுவான். சுவர் மறைந்தது, ஜன்னல் பாதி மறைந்தது, அம்மாவின் தையல் மெஷின் இருந்த மூலையும் மறைந்தது. ஒரே ஆட்டத்தை இரண்டு தரம் வாங்கி வந்து, "இது வேற அட்டைக்கா" என்பான். சிரிக்கிறீர்கள். யார் யார் சிரிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இரண்டிரண்டு இருக்கிறது.

ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையில் அட்டை வெட்டும் இயந்திரம், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், அந்தச் சுவரின் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டான். நண்பர்கள் வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்வான். அவன் வாங்கிய அத்தனை ஆட்டமும் வரிசையாக நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துடு. பார்த்தாலே வயிறு எரியுது" என்றான்.

"குடுக்கலாம். எதைக் குடுக்கிறதுன்னு பார்த்துக் குடுக்கலாம்" என்றேன்.

"எதுக்குமே ரெண்டு கை வேணும்."

"ஆடிப் பார்த்தியா?"

"உனக்கென்ன, உனக்கு ரெண்டு இருக்கு. பேசுவ."

எனக்கு வந்ததே கோபம். அம்மாவைக் கூப்பிட்டு, என் வலது கையைப் பின்னால் மடக்கித் துண்டால் கட்டச் சொன்னேன். "உங்க ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா" என்று திட்டிக்கொண்டே, ஊருக்கு மூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டார் அம்மா. முதலில் கையில் கிடைத்தது கார்ப் பந்தய ஆட்டம். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நான், முதல் வளைவிலேயே நேராகப் போய்ச் சுவரில் மோதினேன். திரும்ப எடுத்தேன், மரத்தில் மோதினேன். "உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் எங்க இருக்கான்னு தேடணும்க்கா" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அன்று தொடங்கியது அவையோரே, நான் இன்று வாதாட வந்திருக்கும் அந்தச் சேகரிப்பு. ஒவ்வொரு ஆட்டமாக எடுப்போம். கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஆடிப் பார்ப்பான். எந்தப் பொத்தான் எந்த வேலை செய்ய வேண்டும் என்று மாற்றி அமைக்க இடம் கொடுக்கிறதா? நாம் யோசித்து முடிக்கும்வரை எதிராளி காத்திருக்கிறானா? காத்திருந்தால் இந்தப் பக்கம். காத்திருக்காவிட்டால் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு சின்னக் குவியல், அந்தப் பக்கம் ஒரு மலை.

அந்த மலை எங்கே போனது? சொல்லட்டுமா செயலாளர் அவர்களே? பழைய பொருள் வாங்குகிறவரிடம் போகவில்லை. இதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற இந்த இரவல் அலமாரிக்கு வந்தது. இதில் பாதிக்கு மேல் அவன் கொடுத்தது. கொடுத்தவனே இதைத் தொடக்கூடாது என்று ஒரு தீர்மானம் எழுத வேண்டுமென்றால், பேனா எவ்வளவு கூசியிருக்க வேண்டும். தட்டச்சு இயந்திரம் ஆனபடியால் கூசவில்லை.

சரி, ஒரு கையால் ஆட முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொண்டானா? அதுவும் இல்லை. நல்ல மனசுக்காரர் ஒருவர் ஒரு பை நிறைய ஆட்டங்கள் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் ஒரே ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் ரகம். இரண்டு நாள் ஆடிவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான். "ஏண்டா, பாவம், ஆசையா குடுத்தாரு" என்றேன். "எனக்குக் கைதான் போச்சுக்கா. ரசனை போகல" என்றான். கைதட்டுங்கள், தட்ட வேண்டிய வாக்கியம்தான்.

அதன் பிறகு அவன் எடுத்த எடுப்பில் கடையில் எதையும் வாங்கவில்லை, முதலில் என்னை அனுப்பி இங்கிருந்து இரவல் எடுப்பான். ஒரு வாரம் வைத்து ஆடுவான். விடியும்போது அந்த ஆட்டம் ஞாபகத்துக்கு வந்தால்தான் சொந்தமாக ஒன்று வாங்குவான். அப்படிச் சேர்ந்தது அலமாரியில் ஒரே ஒரு தட்டு. ரயில்களுக்குக் கைகாட்டி மாற்றிவிடும் ஆட்டம் அதில் இருக்கிறது. ஆளில்லாத தீவில் கலங்கரை விளக்கம் அணையாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்டம் இருக்கிறது. காவல்காரன் அசையாமல் நிற்க, திருடன் நிதானமாக யோசித்துத் தப்பிக்கும் ஆட்டம் இருக்கிறது. எதை உருவிக் கேட்டாலும், ஏன் வைத்திருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்தவன் அவன். உங்கள் சுவரில் ஒன்றை உருவிக் கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியுமா?

பதில் வேண்டாம். மேலே கேளுங்கள்.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. தோளை விட்டு இறக்கினால் ஊரைக் கூட்டிவிடும். ஒரு நாள் கீழே இறங்கி வந்து, "அண்ணா, ஒரு கையால ஆடுற மாதிரி ஏதாவது இருக்கா? இவன் தோள விட்டு எறங்க மாட்டேங்கறான், எனக்குப் பைத்தியம் பிடிக்குது" என்றாள். "சத்தம் இல்லாம வேணுமா?" என்று கேட்டான். "ஐயோ, சத்தமே கூடாது. இவன் முழிச்சா நான் செத்தேன்" என்றாள். கலங்கரை விளக்கத்தை எடுத்துக் கொடுத்தான். அன்று மாலை என்னிடம் வந்து, "சத்தமே இல்லாம ஆடுறதுக்குத் தனியா ஒரு வரிசை சேர்க்கணும்க்கா. நாளைக்குச் சங்கத்துக்கு நானே போய்த் தேடுறேன்" என்றான். மறுநாள் இடது கையால் தானே சவரம் செய்துகொண்டான். கன்னத்தில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியபடி இந்த வாசலுக்குள் வந்தானே, அப்போது உங்களில் எத்தனை பேர் இருந்தீர்கள்? நீங்கள்தான் நாற்காலி எடுத்துப் போட்டீர்கள். அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் இவ்வளவு நேரம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இனி போன மாதக் கண்காட்சிக்கு வருகிறேன். அவன் தன் தட்டில் இருந்ததையெல்லாம் ஒரு பயணப் பையில் அடுக்கிக் கொண்டுவந்து, மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். நம் செயலாளர் வந்தார். இரண்டு விரலால் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "சீல் இல்ல. மூலை கிழிஞ்சிருக்கு. தம்பி, இது கலெக்‌ஷன் இல்ல. நல்லதை எல்லாம் குடுத்துட்டு மிச்சத்த வெச்சிருக்கீங்க" என்றார். என் தம்பி ஒரே கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தான். அது எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? அவ்வளவு நேரமும் இந்தக் கூடம் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு, சங்கம் கூடும் எந்தச் சனிக்கிழமையும் அவன் இங்கே வரவில்லை. எடுத்துப்போன இரவல் ஆட்டத்தைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்தனுப்பினான். மறுபடியும் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டான். எனக்குப் பயமாக இருக்கிறது அவையோரே. ஓடுகிற காரில் பயப்படாத எனக்கு, அந்த நாற்காலியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

மிச்சமா ஐயா? தேடித் தேடி, தொட்டுத் தொட்டு, தோற்றுத் தோற்றுத் தேர்ந்தெடுத்தது மிச்சமா? தொடாமல், திறக்காமல், துணியால் துடைத்துத் துதித்துக்கொண்டிருப்பது சொத்தா? ஆடுவதற்காக ஒருவர் இரவு பகலாக உழைத்து உருவாக்கியதை ஆடவே விடாமல் அடைத்து வைப்பது சேகரிப்பு என்றால், சிறைச்சாலைக்கு என்ன பெயர்?

நம் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய, சீல் பிரிக்காத பெட்டி ஒன்று செயலாளரிடம் உண்டு. வீடு மாறும்போது அது மாடிப்படியில் விழுந்து கிழிந்தது. உள்ளே குறுந்தகடு இல்லை, ஆட்டமும் இல்லை, நாலாக மடித்த அட்டைத்துண்டு ஒன்று இருந்தது. யாரோ அவரை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். அவர் என்ன செய்தார்? புதிய பிளாஸ்டிக் உறை வாங்கி, மறுபடி சுற்றி, மறுபடி கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாரா? உங்கள் வீட்டம்மா என்னிடம்தான் சார் கார் பழகுகிறார். கிளட்ச்சை மிதிக்கும்போது மனசைத் திறந்துவிடுகிறவர்கள் நிறைய. என்ன, சொந்த விஷயமா? சரி, உட்காருங்கள். நானும் என் தம்பியும் அந்த மேசை முன்னால் நின்றபோது, எங்கள் சொந்த விஷயத்தை நீங்கள் ஊரறியப் பேசினீர்கள். இப்போது சமம்.

ஆனால் ஒன்று மட்டும் சமமாகாது. அந்தப் பெட்டிகளை யார் செய்கிறார்கள் என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தீர்களா? மூலை மழுங்காமல், ஓரம் பிசகாமல், அட்டையை வெட்டுகிற இயந்திரத்தின் முன்னால் யார் நிற்கிறார்கள்? என் தம்பி நின்றான். பெட்டி செய்யப் போய்க் கையைக் கொடுத்துவிட்டு வந்தவனிடம், பெட்டியின் மூலை கிழிந்திருக்கிறது என்று சொல்ல உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது?

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கரண்டியுமாக நீங்கள் வாழ்ந்ததில்லையா? ஒரு கையால் கதவைத் திறந்து, ஒரு கையால் கணக்கெழுதி, ஒரு கையால் கண்ணைத் துடைத்ததில்லையா? மூத்தோர்களே, இன்று மூட்டு வலிக்கிற விரல்கள் நாளைக்கு எந்த அலமாரியைத் தேடி வரும்? சீல் பிரிக்காத சுவரையா, அவன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அந்த ஒற்றைத் தட்டையா? அவனை வெளியே நிறுத்தினால், அந்தத் தட்டு அத்தோடு நின்றுவிடும். மாடி வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த ஆட்டம் கிடையாது. அவனுக்கு அடுத்த சனிக்கிழமை கிடையாது. நீங்கள் வாக்களிக்கப் போவது இதற்குத்தான், பிளாஸ்டிக் உறைக்கு அல்ல.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிட்டேன் ஐயா. தீர்மானத்தை வாசியுங்கள். வாசித்த பிறகு, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்பீர்கள். அவையோரே, அப்போது ஒரு கையைத் தூக்கினால் போதும். இந்தச் சங்கத்தில் வாக்களிக்க இரண்டு கை வேண்டும் என்று இதுவரை யாரும் விதி எழுதவில்லை.

கத்தியதைப் பொறுத்துக்கொண்ட காதுகளுக்கும், கதவை மறித்து நின்ற கால்களுக்கும், அன்று நாற்காலி எடுத்துப் போட்ட கைகளுக்கும் என் நன்றி. கடைசி வரிசையில் ஓர் இடது கை இப்போதே மேலே நிற்கிறது. இருடா, இன்னும் வாசிக்கவே இல்ல. சரி, எறக்காத. அப்படியே வெச்சிரு. அனைவருக்கும் வணக்கம்.